கடைச் சீட்டில் ஒரு பவர், ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு பவர்: கண்ணைப் பார்த்தது யார், யாரை நம்புவது?

ஜூன் 4, இரவு 9.12 | ஈரோட்டுக்காரன்

பையனுக்கு ஏழு வயசு. போர்டு சரியாத் தெரியலை போலன்னு டீச்சர் சொன்னாங்க. கண்ணாடிக் கடையில ஃப்ரீ டெஸ்ட், வலது கண்ணுக்கு எழுதினது: -1.25, சிலிண்டர் -0.50, ஆக்சிஸ் 180. அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரியில அதே கண்ணுக்கு: -1.00, சிலிண்டர் +0.50, ஆக்சிஸ் 90. மைனஸ் பிளஸ்ஸா மாறிடுச்சு, 180 தொண்ணூறா மாறிடுச்சு. விசாரிச்சா ரெண்டு இடத்துலயும் டெஸ்ட் பண்ணினவங்க டாக்டரே இல்லையாம். டாக்டர் கடைசியில ரெண்டு நிமிஷம் லைட் அடிச்சுப் பார்த்ததோட சரி. என் முடிவு: கண்ணுக்கு டாக்டர் வெறும் கையெழுத்துக்குத்தான். மறுக்கறவங்க மறுக்கலாம்.

ஜூன் 4, இரவு 9.40 | லென்ஸ் கடை

முதல்ல கணக்கு. ரெண்டு சீட்டும் நீங்க நினைக்கிற அளவுக்கு வேற இல்லை. முதல் எண் ஸ்ஃபியர், அதாவது பொதுப் பவர். சிலிண்டர் ஒரு திசையில மட்டும் சேர்ற பவர், ஆக்சிஸ் அது உட்கார்ற கோணம். சிலிண்டரை மைனஸ்லயும் எழுதலாம், பிளஸ்லயும் எழுதலாம். மாத்தற வழி: ஸ்ஃபியரையும் சிலிண்டரையும் கூட்டுங்க, அது புது ஸ்ஃபியர். சிலிண்டர் குறியைத் திருப்புங்க. ஆக்சிஸை 90 நகர்த்துங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு -1.00 கூட்டல் +0.50, ஆக -0.50. சிலிண்டர் -0.50, ஆக்சிஸ் 180.

சிலிண்டர், ஆக்சிஸ் ரெண்டும் ஒண்ணுதான். நிஜ வித்தியாசம் ஸ்ஃபியர்ல மட்டும்: -1.25க்கும் -0.50க்கும் நடுவுல முக்கால் பவர்.

ஜூன் 4, இரவு 10.05 | ரெட்டினோஸ்கோப்

அந்த முக்கால் பவர் எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்களா?

ஜூன் 5, காலை 7.20 | ஈரோட்டுக்காரன்

விட்டாங்க. ரெண்டு தடவை. சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் கூசுதுன்னு அழுதான். சீட்டு மூலையில 'சைக்ளோ'ன்னு கிறுக்கியிருக்கு, அது டாக்டர் பேரோன்னு நினைச்சேன்.

ஜூன் 5, காலை 8.15 | ரெட்டினோஸ்கோப்

டாக்டர் சைக்ளோ! நல்ல பெயர்தான், ஆனால் அது சைக்ளோபென்டோலேட் 1 சதவீத சொட்டு.

சின்னப் பிள்ளைகளின் கண் கிட்டத்துக்கு ஃபோகஸ் செய்வதில் கில்லாடி. கடையில் பவர் அளக்கிற ஆட்டோ ரெஃப்ராக்டர் இயந்திரத்துக்குள் தூரத்தில் ஒரு பலூன் படம் தெரியும். இயந்திரம் அதை மங்கலாக்கிக் கண்ணைத் தளர்த்தப் பார்க்கும். பிள்ளையோ முகத்துக்கு நேராக இருக்கிற பெட்டிக்குள் பார்க்கிறோம் என்ற நினைப்பில் ஃபோகஸை இழுத்துப் பிடிக்கும். அதனால் மைனஸ் கூடுதலாகக் காட்டும். அரை, முக்கால் சாதாரணம். பிளஸ் பவர் இருக்கிற பிள்ளைக்கே மைனஸ் காட்டுவதும் உண்டு. அந்தத் தாளை அப்படியே சீட்டில் ஏற்றினால் வேண்டாத பவரைப் பிள்ளை சுமக்கும்.

சைக்ளோ சொட்டு ஃபோகஸ் தசையை ஓய்வெடுக்க வைக்கும். ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, அதிலிருந்து முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கருநிறக் கண்ணில் மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும். பாப்பா (கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) விரிந்துவிட்டது என்று இருபதாவது நிமிடமே உள்ளே கூப்பிட்டால் தசை இன்னும் விழித்துக்கொண்டிருக்கும்.

அளவை இயந்திரத்தில் மட்டும் எடுக்காமல் ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியால் எடுப்போம். 66 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து ஒளிக்கீற்றைக் கண்ணில் ஓட்டி, லென்ஸ் மாற்றி மாற்றி நிழலின் அசைவை நிறுத்தி, வந்த எண்ணில் 1.50 கழிக்க வேண்டும். 50 செ.மீ. என்றால் கழிப்பது 2.00. நோயாளி கூட்டம் நெருக்கும் மதியத்தில், பார்ப்பவர் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்துவிட்டு 1.50ஐயே கழித்தால் அரை பவர் பிளஸ் பக்கம் தள்ளிவிடும்.

உங்களுக்கு எந்தச் சீட்டு? ஆஸ்பத்திரிச் சீட்டு. ஆனால் அதையே கடையில் கொடுத்துவிடாதீர்கள். மருந்து இறங்கியபின் மறுபடி வரச் சொல்லியிருப்பார்கள், பி.எம்.டி. என்பார்கள். சைக்ளோவுக்கு மூன்று நாள் கழித்துப் போகலாம். அட்ரோபின் களிம்பு போட்டிருந்தால் இரண்டு மூன்று வாரம்.

ஜூன் 5, காலை 11.30 | ஸ்லிட்லாம்ப்

"ரெண்டு நிமிஷம் லைட் அடிச்சார்" என்பதற்கு வருகிறேன். அதே மருந்தில் பாப்பா விரிந்திருக்கும்போது விழித்திரை, பார்வை நரம்பு, உள்ளே கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு நிமிடம் போதும். சரியில்லாத அன்று இரண்டு மணி நேரம் ஆகும். ஃபீஸ் என்னவோ ஒன்றுதான்!

படிப்பு வரிசையைச் சொல்லிவிடுகிறேன். கண் டாக்டர்: இன்டர்ன்ஷிப் சேர்த்து ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ்., அதன்மேல் மூன்று வருட எம்.எஸ். அல்லது டி.என்.பி., பழைய ஆட்கள் என்றால் இரண்டு வருட டி.ஓ. விழித்திரை, கருவிழி, கண் அழுத்தம், குழந்தைக் கண் என்று பலர் மேலும் ஒன்றிரண்டு வருடம் படிப்பார்கள். மருந்து எழுதுவது, ஊசி, லேசர், அறுவை எல்லாம் இவருடையது. ஆப்டோமெட்ரிஸ்ட்: நான்கு வருடம், அதில் கடைசி வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. மருத்துவப் படிப்பு இல்லை, ஆனால் பவர் பார்ப்பதில் இவரே கைதேர்ந்தவர். என் ஓ.பி.யில் ரிஃப்ராக்‌ஷன் அவர்கள் கையில்தான். நான் உட்கார்ந்தால் அவ்வளவு நேர்த்தியாக வராது.

ஜூன் 5, பகல் 1.02 | ஈரோட்டுக்காரன்

அப்போ கடையில இருந்தவர் ஆப்டோமெட்ரிஸ்ட்டா?

ஜூன் 5, பகல் 2.48 | லென்ஸ் கடை

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டுடுங்க, தப்பில்லை. நல்ல கடையில பி.ஆப்டம், அதாவது அந்த நாலு வருஷப் படிப்பு முடிச்ச ஆளை வச்சிருப்பாங்க. சில கடையில ரெண்டு வருஷ டிப்ளமோ. சில கடையில ஃப்ரேம் துடைக்க வந்த தம்பி மெஷின் பட்டனை அமுக்கிக் கத்துக்கிட்டிருப்பான். 2021ல அலைட் ஹெல்த் கமிஷன் சட்டம் வந்த பிறகுதான் ஆப்டோமெட்ரிக்கு நாடு முழுக்கப் பதிவு, கவுன்சில்னு ஒரு அமைப்பு. அதுவரைக்கும் 'கண் பரிசோதனை இலவசம்'னு யார் வேணும்னாலும் போர்டு மாட்டலாம்.

ஆளை எடை போட ஒரு வழி. மெஷின் தாளைப் பார்த்து நேரா லென்ஸ் விலைக்குப் போயிட்டா கும்பிடு போட்டு வந்துடுங்க. லென்ஸை மாத்தி மாத்திப் போடற ட்ரயல் ஃப்ரேம் மாட்டி, ஒரு கண்ணை மறைச்சு, சிவப்பு பச்சைக் கட்டத்துல எந்த எழுத்து கறுப்பாத் தெரியுதுன்னு கேட்டு, கால் கால் பவரா மாத்திப் பார்க்கிற ஆளுன்னா உட்காருங்க. சிவப்புல தெளிவுன்னா மைனஸ் இன்னும் கொஞ்சம் வேணும், பச்சையில தெளிவுன்னா மைனஸ் கூடிப்போச்சு.

அப்புறம் ஆப்டீஷியன், அதாவது என்னை மாதிரி ஆள், பவர் பார்க்கிறவர் இல்லை. சீட்டுல இருக்கிறதைக் கண்ணுக்கு முன்னால சரியான இடத்துல உட்கார வைக்கிறவர். இதைச் சாதாரணமா நினைக்காதீங்க, தனியா எழுதறேன்.

ஜூன் 5, இரவு 8.30 | ஆரம்ப சுகாதாரம்

அரசுப் பக்கத்தை எல்லாரும் மறந்துட்டீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல கண் மருத்துவ உதவியாளர்னு ஒரு பதவி இருக்கு. ரெண்டு வருஷப் படிப்பு. பவர் பார்ப்பது, கண் அழுத்தம், புரை கண்டுபிடிச்சு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, பள்ளிக்கூடம் போவது எல்லாம் இவங்க வேலை. பள்ளியில முதல்ல ஆசிரியரே சார்ட்டை வச்சு வடிகட்டுவாங்க, 6/9 வரி படிக்க முடியாத பிள்ளையை உதவியாளர் பார்ப்பார். கண்ணாடி இலவசம். ஈரோட்டுக்காரரே, உங்க டீச்சர் சொன்னதே பாதி ஸ்கிரீனிங்.

ஆசிரியர் பக்கத்துல அடிக்கடி நடக்கிற கோளாறு: மறைக்கிற கையை விரிச்சு வச்சுப் பிள்ளை விரல் சந்து வழியாப் படிச்சிடும். உள்ளங்கையைக் குழிச்சு மூடச் சொல்லுங்க, கண்ணை அமுக்கக்கூடாது. ரெண்டாவது, வரிசையில நிக்கிற பிள்ளைங்க சார்ட்டை மனப்பாடம் பண்ணிடும். எழுத்து சார்ட்டை விட்டுட்டு நாலு பக்கமும் திருப்பற 'ஈ' அட்டையைப் பிடிங்க.

ஜூன் 6, காலை 6.50 | லென்ஸ் கடை

சொன்ன மாதிரி எழுதறேன். "பவர் கரெக்ட், ஆனா புதுக் கண்ணாடி தலைவலிக்குது"ன்னு வர்ற ஆளுங்கள்ல பாதிப் பேருக்குப் பிரச்சினை பி.டி.யில. ரெண்டு பாப்பாவுக்கும் நடுவுல உள்ள தூரம் அது. லென்ஸோட நடு பாப்பாவுக்கு நேரா வரணும். தள்ளிப் போனா லென்ஸ் பிரிசம் மாதிரி வேலை செய்யும், பார்க்கிற உருவத்தை ஒரு பக்கம் நகர்த்தும். கணக்கு: பவரை, தள்ளிப்போன சென்டிமீட்டரால பெருக்குங்க. -6.00 லென்ஸ் 3 மி.மீ. தள்ளினா 0.3 பெருக்கல் 6, ஒரு கண்ணுக்கு 1.8 பிரிசம். -0.50 லென்ஸ்ல அதே 3 மி.மீ. தள்ளினா 0.15, யாருக்கும் தெரியாது. அதனால பெரிய பவர் ஆளுங்க ஆன்லைன்ல ஃபோட்டோ அனுப்பி பி.டி. எடுக்கிறதை யோசிச்சுச் செய்யுங்க.

ப்ரோக்ரஸிவ் (தூரம், கிட்டம் ரெண்டும் ஒரே லென்ஸ்ல) போட்டவங்களுக்கு ஒரு வேலை. லென்ஸ் மேல வாயால ஊதி ஆவி படிய வச்சு ட்யூப்லைட்டுக்குச் சாய்ச்சுப் பிடிங்க. ரெண்டு ஓரத்துலயும் கண்ணுக்கே தெரியாத சின்ன வட்டமோ முத்திரையோ மினுக்கும், பெரும்பாலும் 34 மி.மீ. இடைவெளியில. காதுப் பக்க முத்திரைக்குக் கீழ '20'ன்னு இருந்தா கிட்டப் பார்வைக்குக் கூட்டற பவர், அதாவது ஆட், 2.00. சீட்டுல 1.75 இருந்து லென்ஸ்ல 20 இருந்தா பில்லோட கடைக்குப் போங்க. ரெண்டு முத்திரையும் ஒரே மட்டத்துல இல்லைன்னா லென்ஸைச் சாய்வா மாட்டியிருக்காங்க.

ஜூன் 6, காலை 9.10 | ரெட்டினோஸ்கோப்

லென்ஸ் கடையோடு ஒரு சின்னச் சண்டை. பாதிப் பேருக்கு பி.டி. என்பது கொஞ்சம் ஓவர். மைனஸ் கூட்டிக் கொடுத்த சீட்டும், முதன்முறை சிலிண்டர் போட்டவரின் பழக்கமின்மையும், ஃப்ரேம் கோணம் மாறியதும் சேர்ந்துதான் அந்தக் கூட்டம். முன்கூட்டியே சொல்லாத சர்க்கரையும் உண்டு. ரத்தச் சர்க்கரை எகிறியிருக்கும்போது பவர் பார்த்தால் மைனஸ் பக்கம் ஏறி நிற்கும், மருந்து ஆரம்பித்துச் சர்க்கரை இறங்கியதும் அந்தக் கண்ணாடி உதவாது. சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்தபின் பாருங்கள். கடையில் யாரும் சர்க்கரை பற்றிக் கேட்பதில்லை, நோயாளியும் கண்ணாடிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதில்லை.

ஜூன் 6, காலை 9.25 | லென்ஸ் கடை

சரி, கால்வாசின்னு வச்சுக்குங்க.

ஜூன் 6, இரவு 10.40 | ஸ்லிட்லாம்ப்

யாரிடம் முதலில் போவது என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை. அட்டையில் குண்டூசியால் ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள். மங்கலாகத் தெரிகிற கண்ணால் அதன் வழியே தூர எழுத்தைப் பாருங்கள். தெளிந்தால் பெரும்பாலும் பவர் பிரச்சினை, ஆப்டோமெட்ரிஸ்ட் போதும். துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் புரை, விழித்திரை, நரம்பு என்று ஏதாவது இருக்கலாம், டாக்டரிடம் வாருங்கள்.

தெளிந்தாலும் கண் அழுத்தநோய் இல்லை என்று ஆகாது. அது 6/6 என்கிற முழுப் பார்வையை வைத்துக்கொண்டே ஓரத்திலிருந்து தின்னும். நாற்பது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது இருந்தவர்கள், அழுத்தம், நரம்பு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று ஊதும் இயந்திரத்தில் 18 என்று வந்தால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வழக்கமாக 10 முதல் 21 என்போம், அந்த அளவுக்குள்ளேயே நரம்பு கெடுபவர்களும் உண்டு. நரம்பைப் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனை.

சர்க்கரைக்காரர்கள் கண்ணாடி மாற்றும்போது மட்டும் வராதீர்கள். டைப் 2 என்றால் கண்டுபிடித்த அன்றே விழித்திரை, பிறகு வருடம் ஒருமுறை. பார்வை நன்றாக இருக்கும்போதே பிடித்தால்தான் லேசர் நன்றாகப் பலன் தரும்.

கடையும் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம், அன்றே எமர்ஜென்சி: திடீரென்று ஒரு கண் இருண்டுபோவது, மின்னல் வெட்டிப் பூச்சி மொய்ப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது, வாந்தியோடு கண்வலி. பிள்ளையின் பாப்பா ஃபோட்டோவில் ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

ஜூன் 7, காலை 5.55 | ஆரம்ப சுகாதாரம்

இதுல சுண்ணாம்பைச் சேருங்க. வெத்தலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளை அமுக்கி, தெறிச்சுக் கண்ணுல விழும். ஆட்டோ தேடாதீங்க, முதல்ல குழாயடி. அரை மணி நேரம் ஓடற தண்ணியில கழுவுங்க, இமையைப் பிரிச்சுப் பிடிச்சு. பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே மேல் இமையைத் திருப்பி ஒட்டியிருக்கிற துணுக்கை எடுத்து, லிட்மஸ் தாள்ல காரம் போயிடுச்சான்னு பார்த்து, போகலைன்னா மறுபடி கழுவுவாங்க. எலுமிச்சை, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

அடுத்தது வயல். நெல் தூசு, கரும்புத் தோகை கருவிழியில உரசிட்டா சில நாள்ல வெள்ளைப் புள்ளி வரலாம். பூஞ்சைப் புண். மெடிக்கல்ல "கண் சிவப்புக்கு ஒரு சொட்டு"ன்னு கேட்டா ஸ்டீராய்டு கலந்தது கைக்கு வரும். சிவப்பு குறையும், வலி குறையும், பூஞ்சை மட்டும் உள்ளே வேர் விடும். டாக்டர் புண்ணைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்புல பார்த்துட்டு நாட்டாமைசின் 5 சதவீதம் மணிக்கு ஒரு சொட்டு ஆரம்பிப்பார். அது வாரக்கணக்குல ஆறும். மெடிக்கல் கடைக்காரர் இந்த இழையில சொன்ன எந்தப் பட்டியல்லயும் இல்லை, ஞாபகம் இருக்கட்டும்.

ஜூன் 7, பகல் 12.15 | ஸ்லிட்லாம்ப்

அதே ஸ்டீராய்டு சொட்டு மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் புரையும் இலவசம். பிள்ளைகளுக்குக் கோடை அரிப்பு என்று வாங்கிப் போட்டுப் பார்வை நரம்பு போனவர்கள் உண்டு.

ஜூன் 8, மாலை 6.30 | ஈரோட்டுக்காரன்

பி.எம்.டி. போயிட்டு வந்தோம். -0.50, சிலிண்டர் -0.50, 180. 6/6 படிச்சான். லென்ஸ் சுலபமா உடையாத பாலிகார்பனேட்ல சொல்லியிருக்கேன். என் முடிவை வாபஸ் வாங்கறேன், பாதி.

இன்னொரு கேள்வி. அம்மாவுக்குப் புரை ஆபரேஷன். அங்கேயும் டாக்டர் கடைசியிலதான் வருவாராம், அதுக்கு முன்னாடி நாலு பேர். ஒவ்வொருத்தரும் என்ன பண்றாங்க?

ஜூன் 8, இரவு 9.55 | ரெட்டினோஸ்கோப்

முதல் ஆள் பார்வை, பவர். இரண்டாவது ஆள் கண்ணீர்க் குழாயில் உப்புநீர் விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். சீழ் திரும்பி வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். மூன்றாவது ஆள் பயோமெட்ரி, உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிடுபவர். இவரை அவசரப்படுத்தாதீர்கள். கண்ணின் நீளத்தில் ஒரு மி.மீ. பிசகினால் லென்ஸ் பவரில் இரண்டரை, மூன்று டையாப்டர் பிசகும். நீளத்தை ஒலி அலையால் அளக்கிற ஏ-ஸ்கேன் பென்சிலைக் கருவிழியில் அழுத்திப் பிடித்தால் கண் அமுங்கி நீளம் குறைவாக வரும், கணக்கில் லென்ஸ் பவர் ஏறும், ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா மைனஸ் கண்ணாடி தேடுவார். தொடாமல் ஒளியால் அளக்கிற இயந்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் புரை கட்டியாக முற்றியிருந்தால் அதில் ஒளி நுழையாது, திரும்பவும் ஏ-ஸ்கேன்தான். நான்காவது கவுன்சலர்: லென்ஸ் வகை, செலவு, சொட்டு மருந்து அட்டவணை.

இந்தப் பங்கீட்டைப் பெரிய அளவில் செய்து காட்டியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்து, பரிசோதனை, பயோமெட்ரி, தியேட்டர் உதவி எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டார்கள். டாக்டர் கையில் கத்தி வேலையும் முடிவெடுப்பதும் மட்டும். அதனால்தான் ஒரு டாக்டரால் ஒரே நாளில் அத்தனை ஆபரேஷன் முடிகிறது.

ஜூன் 9, காலை 8.00 | லென்ஸ் கடை

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே படிக்கிற கண்ணாடி வாங்க ஓடி வராதீங்க. ஒரு மாசம் போகட்டும், பவர் நிலைக்கணும்.

ஜூன் 9, காலை 8.35 | ஈரோட்டுக்காரன்

கண்தானமும் இதே மாதிரியா? டாக்டர் நேர்ல வந்துதான் எடுக்கணும், கிராமத்துக்கு எந்த டாக்டர் வருவார்னு ஊர்ல சொல்றாங்க.

ஜூன் 9, பகல் 1.20 | ஸ்லிட்லாம்ப்

பழைய சேதி. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி பெற்ற டெக்னீஷியனே கருவிழியை எடுக்கலாம். கண் வங்கியிலிருந்து அவர்தான் வருவார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை வீட்டார் செய்வது: இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்கவும், ஃபேனை நிறுத்தவும், தலையணை வைத்துத் தலையை உயர்த்தவும். இறந்தவர் கண்ணாடி போட்டிருந்தவர், புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரைக்காரர் என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள், தகுதியை வங்கி முடிவு செய்யும்.

டாக்டர் வெறும் கையெழுத்துக்குத்தான் என்றும் சொன்னீர்களே. நாற்பது தாண்டியவருக்கு டிரைவிங் லைசென்ஸுக்கான மருத்துவச் சான்று, ஃபார்ம் 1ஏ, பதிவு பெற்ற மருத்துவர்தான் போட வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்ட் எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருந்தாலும் அதில் கையெழுத்திட முடியாது.

ஜூன் 10, இரவு 7.45 | ஆரம்ப சுகாதாரம்

விட்டுப்போன ஆள் ஒருத்தர்: செயற்கைக் கண் செய்யறவர், ஆக்குலரிஸ்ட். கண்ணை எடுத்தவங்களுக்கு ரெடிமேட் கண்ணைத் திணிச்சு அனுப்பினா இமை தொங்கும், நீர் வழியும். இவர் குழிக்குள்ள பல்செட்டுக்கு எடுக்கிற மாதிரி அச்சு எடுத்து, மெழுகுல வடிவம் செஞ்சு, அக்ரிலிக்ல வார்த்து, அடுத்த கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழி நிறம் தீட்டுவார். வெள்ளைப் பகுதியில ரத்த நாளத்துக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரிச்சு ஒட்டுவாங்க. வருஷம் ஒருதரம் பாலீஷ், நாலஞ்சு வருஷத்துல புதுசு, வளர்ற பிள்ளைன்னா இன்னும் சீக்கிரம் மாத்தணும்.

கழட்டிக் கழுவ சோப்பும் தண்ணியும் போதும். ஸ்பிரிட், சானிடைசர் போட்டா அக்ரிலிக் நுண்ணசா விரிசல் விடும், அந்த விரிசல்ல அழுக்குத் தங்கி இமைக்குள்ள புண்ணாகும்.